கோ-ஒப் வாய்ப்பும் எமது பிள்ளைகளின் பல்கலைக்கழகத் தெரிவும்

பன்னிரண்டாம் தரத்தில் பயிலும் பிள்ளை உள்ள எமது இல்லங்களில், இலையுதிர் காலம் தொடங்கியதும் எழும் வினா ஒன்றே: எந்தப் பல்கலைக்கழகம் பெரியது? தரவரிசைப் பட்டியல்கள் ஆராயப்படுகின்றன. உறவினரின் பிள்ளைகள் சென்ற இடங்கள் ஒப்பிடப்படுகின்றன. பட்டம் பெறுமுன் பிள்ளை தன் துறையில் எத்தனை மாதங்கள் ஊதியத்துடன் பணியாற்றியிருக்கும் என்று வினவுவோர் மிகச் சிலரே. புதிய பட்டதாரிகளின் சுயவிபரக் கோவைகளைப் பார்த்துவரும் கணினித் துறையினன் என்ற வகையில், முதலில் கேட்கவேண்டியது இதுவே என்பேன்.

1983 இன் பின்னர் ஏதிலிகளாக வந்த எமது முதற் தலைமுறை, தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் உழைத்தே பிள்ளைகளை வளர்த்தது. வங்கியிலோ பொறியியல் நிறுவனத்திலோ பிள்ளைக்காக ஒரு சொல் சொல்லக்கூடிய மாமாவோ சித்தப்பாவோ பெரும்பாலான குடும்பங்களுக்கு இருக்கவில்லை. அறிமுகம் இல்லாதவனுக்கு அறிமுகத்தை உண்டாக்கிக் கொடுப்பதே கோ-ஒப் முறையின் பெரும் பயன். கோ-ஒப் மாணவரைப் பணியில் அமர்த்தும் நிறுவனத்துக்கு ஒன்ராறியோ அரசு ஒவ்வொரு பணிக்கும் 3,000 டொலர் வரை வரிச்சலுகை வழங்குவதால், சிறு நிறுவனங்களும் இதில் நாட்டம் கொள்கின்றன.

வோட்டர்லூ பல்கலைக்கழகம் 1957 இல் இம்முறையுடனேயே தோன்றியது. அங்கு பொறியியல் பயில்வோர் அனைவரும் கோ-ஒப் மாணவரே. நான்கு மாதப் படிப்பும் நான்கு மாத வேலையுமாக மாறி மாறி, ஆறு வேலைத் தவணைகள் வரை அமைகின்றன. பட்டம் பெற 4 ஆண்டுகளும் 8 மாதங்களும் செல்லும். அதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேலை அனுபவம். சில மாணவர் முதல் நான்கு மாதப் படிப்பு முடிந்தவுடனேயே வேலைக்குச் செல்லவேண்டியிருப்பதால், பதினெட்டு வயதிலேயே நேர்முகத் தேர்வை எதிர்கொள்கின்றனர். இது எளிதன்று. நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஊர் மாறுவதும் வாடகைக்கு அறை தேடுவதும் பெற்றோர் கணக்கில் சேர்க்க மறக்கும் செலவுகள்.

ரொறன்ரோ பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தின் முறை வேறு. பொதுவாக மூன்றாம் ஆண்டின் பின்னர், ஒரே நிறுவனத்தில் 12 முதல் 16 மாதங்கள் தொடர்ந்து பணியாற்றலாம், கட்டாயமில்லை. நான்கு மாத மாணவனிடம் ஒப்படைக்கப்படாத பொறுப்புகள் பதினாறு மாத மாணவனிடம் ஒப்படைக்கப்படுகின்றன. ஆயினும் தனக்கு எத்துறை பொருந்தும் என்று இன்னும் தெளியாத பிள்ளைக்கு வோட்டர்லூ முறையே உகந்தது என்பது எனது கணிப்பு.

பெண்பிள்ளையை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் எம்மிடையே இன்றும் உள்ளனர். அத்தயக்கம் நியாயமானது என்று நான் கருதவில்லை. எனினும் வீட்டிலிருந்தே செல்லவேண்டிய பிள்ளைக்கும் வழிகள் உண்டு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் கணினி, முகாமைத்துவத் துறைகளில் கோ-ஒப் நெடுங்காலமாக நடைபெறுகின்றது. 2022 வரை ரயர்சன் எனப்பட்ட ரொறன்ரோ மெட்ரோபொலிற்றன் பல்கலைக்கழகம் நகரின் நடுவே, நிறுவனங்களின் அருகில் உள்ளது. யோர்க் பல்கலைக்கழகம் 2024 இல் மார்க்கத்திலும் வளாகம் திறந்துள்ளது.

ஒன்றை வலியுறுத்தியே ஆகவேண்டும். எந்தப் பல்கலைக்கழகமும் வேலையைக் கையில் வைத்துக் கொடுப்பதில்லை. விளம்பரங்களைப் பார்த்து விண்ணப்பிப்பதும், நேர்முகத் தேர்வில் ஏனைய மாணவருடன் போட்டியிடுவதும் பிள்ளையின் பொறுப்பே. கோ-ஒப் கட்டணமும் தனியாகச் செலுத்தப்படவேண்டும். வேலை உறுதி என நம்பி வீட்டின்மேல் கடன் பெறும் குடும்பங்கள் இதை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

விண்ணப்பங்களுக்கான முதன்மை நாள் வழமையாக ஜனவரி நடுப்பகுதியில் வரும். அதற்கு முன்னர் நடைபெறும் திறந்த நாட்களுக்குப் பிள்ளையுடன் செல்லுங்கள். கட்டடங்களைச் சுற்றிப் பார்த்ததும் திரும்பிவிடாது, கோ-ஒப் அலுவலகத்தினரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: கோ-ஒப்பில் சேர விண்ணப்பிக்கும்போதே தெரிவு செய்யவேண்டுமா, அதில் நீடிக்க எத்தனை புள்ளிகள் தேவை, கடந்த தவணையில் வேலை தேடிய முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவரில் எத்தனை பேர் வேலை பெறவில்லை.