ஆலங்கட்டியும் ஆடிமழையும்



கோடைக்காலப் பிற்பகல் ஒன்று. காலையில் வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை. முற்றத்துப் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு மணியளவில் கொழுக்குமலைப் பக்கம் கருமுகில் திரண்டது. மூன்று மணிக்குத் தகரக்கூரையின்மீது கூழாங்கற்களைக் கூடைகூடையாகக் கொட்டினாற்போன்ற பேரொலி! சிறிது நேரத்தில் முற்றம் வெளுத்துவிட்டது. பிள்ளைகள் ஆலங்கட்டிகளைத் தம்ளரில் பொறுக்க ஓடினர். மிளகைக் காப்பதா, பிள்ளைகளைக் காப்பதா என்று தாய்மார் தவித்தனர். நாலரை மணிக்கு மீண்டும் வெயில்!

சூரியநெல்லியில் வாழும் நமக்கு இக்காட்சி புதிதன்று. ஒரே நாளில் மூன்று பருவங்களைக் காண்பது நம் மலைவாழ்வின் இயல்பு. ஆயினும், இவ்வானத்தை நாம் உண்மையிலேயே அறிந்துகொண்டோமா என்பதே இத்திங்கள் நாம் எண்ணிப்பார்க்க விரும்புவது.

ஆலங்கட்டி என்பது யாது? காலை வெயிலில் சூடேறிய மலைச்சரிவிலிருந்து ஈரக்காற்று விரைந்து மேலெழுகின்றது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தைக் கடந்ததும் அதிலுள்ள நீர்த்துளிகள் உறையத் தொடங்குகின்றன. மேலெழும் காற்று அவற்றைத் தாங்கி நிற்க, பனித்துணுக்கின்மேல் மேலும் நீர் படிந்து உறைகின்றது. காற்றால் தாங்கவொண்ணாத எடை வந்ததும் அது கீழே விழுகின்றது. போடிநாயக்கனூர்ச் சமவெளியை அடைவதற்குள் அது பெரும்பாலும் உருகிப் பெருந்துளியாகிவிடும். முகிலுக்கு அணித்தாக வாழும் நமக்கோ கட்டியாகவே வந்து சேர்கின்றது. பண்டைத் தமிழர் இதனை ‘ஆலி’ என்றனர். சொல் நமக்குப் பழையது. அது விழும் மலைதான் நமக்குப் புதியது.

நம்முள் பலர், அல்லது நம் பாட்டன் பாட்டிமார், கோவிலுக்கும் குளத்துக்கும் மழையை வேண்டி நின்ற கரிசற்சீமையிலிருந்து மலையேறியவர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழ்ந்த அவர்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தையும் உடன் கொணர்ந்தனர். நாம் அறிந்த மூதாட்டி ஒருவர் இம்மலையில் நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். ஆண்டுதோறும் ஆடி பிறந்ததும், “நம்ம ஊர்ல இப்போ காத்துதானே அடிக்கும், இங்க வானமே கரைஞ்சு ஊத்துதே!” என்று அவர் வியப்பது வழக்கம். உடல் மலையில் இருந்தும் உள்ளம் ஊர்ப் பஞ்சாங்கத்திலேயே இருந்தது!

ஈண்டுள்ள கணக்கு வேறு. தைத் தொடக்கத்தில் மூணாற்றுப் பக்கம் உறைபனி கொழுந்தைக் கருக்குகின்றது. பங்குனி முதல் வைகாசி வரை பிற்பகல் இடியும் ஆலங்கட்டியும். ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசியில் மீண்டும் இடிமழை. ஆலங்கட்டி கொழுந்தைக் கிழித்துவிட்டால் மறுகொழுந்து துளிர்க்க வாரங்கள் ஆகும், எடை குறையும், எடைக்குத் தக்க மிகைக்கூலியும் குறையும். ஆகவே வானிலை நமக்குப் பொழுதுபோக்குப் பேச்சன்று. அடுப்பைப் பற்றிய பேச்சு.

கடல்கடந்து கனடா சென்ற நம்மவரும் இத்தகைய வானத்தின்கீழ் வாழ்கின்றனர். புல்வெளி நகரமாகிய கால்கரியில் 2020 ஜூன் 13 அன்று பெய்த ஆலங்கட்டி கூரைகளையும் சுவர்களையும் வண்டிகளையும் சிதைத்தது. காப்புறுதிக்குட்பட்ட இழப்பு மட்டும் நூறு கோடி டாலரைக் கடந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் மறைந்தன. அவர்களுள் பலர் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்ட நம் மக்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையால் மறுநாட் காலையிலேதான் செய்தி வெளியே எட்டியது. அங்கே கூரை போயிற்று. இங்கே குடும்பங்களே போயின. இரண்டையும் ‘இயற்கையின் சீற்றம்’ என்று ஒரே சொல்லால் சொல்லி அமைதல் தகுமோ? மழை வானத்தின் செயல். சரிவின் அடியில் வீடு நிற்பது வானத்தின் செயலன்று. காவலான வீட்டைக் கேட்பது நம் உரிமை. அவ்வீடு வரும்வரை விழித்திருப்பது நம் கடமை.

விழித்திருப்பதற்கு வழி உண்டு. வயநாட்டில் கல்பற்றாவிலுள்ள ஹ்யூம் மையம் ஊர்தோறும் மழைமானிகளை வைத்து நாள்தோறும் அளவெடுக்கின்றது. முண்டக்கை, சூரல்மலை ஊர்களை 2024 ஜூலை 30 அன்று மண்சரிவு அழிப்பதற்கு முந்திய நாளே, அவ்வளவுகளைக் கொண்டு அது எச்சரித்திருந்தது. அளப்பது பெரிய வித்தையன்று. நேர்ச்சுவருள்ள டப்பா ஒன்றைக் கூரைக்கும் மரத்துக்கும் விலகி வெட்டவெளியில் வையுங்கள். காலை எட்டரை மணிக்கு உள்ளிருக்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து, குறிப்பேட்டில் எழுதி, நீரைக் கொட்டிவிடுங்கள். ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரை எட்டினால் கனமழை, 204.4-ஐ மீறினால் மிகப் பெருங்கனமழை என்பது வானிலைத் துறையின் வரையறை. பள்ளிப் பிள்ளைகளே இப்பணியைச் செய்யலாம்.

சுவரிலோ நிலத்திலோ புதுவெடிப்பு, கதவு திடீரென இறுகுதல், தெளிந்த ஊற்று கலங்குதல், மழை பெய்யும்போதே ஓடைநீர் குறைதல் ஆகியவை மலை நகரத் தொடங்கியதன் அறிகுறிகள். கண்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். எந்த வீட்டுக்குச் செல்வது, நடக்கவியலாத முதியோரை யார் தூக்கிச் செல்வது என்பதை ஒவ்வொரு லயமும் வெயில் நாளிலேயே கூடிப் பேசி முடிவு செய்தல் வேண்டும். இடியிடிக்கும்போது சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்குவதையும் விட்டொழிப்போம்.

குறிப்பேட்டில் எழுதிய மழையளவைத் திங்கள்தோறும் நமக்கு அனுப்புங்கள், இப்பகுதியிலேயே வெளியிடுவோம். ஊர்ப் பஞ்சாங்கத்தை மறக்க வேண்டுவதில்லை. அதன் பக்கத்தில் இம்மலையின் பஞ்சாங்கத்தையும் நம் கையாலேயே எழுதி வைப்போம். நம் பிள்ளைகள் பிறந்த மண்ணுக்கு நாம் அளிக்கக்கூடிய முதல் மரியாதை அதுவே.