முதலில் நீரை அளப்போம்

“நேரம் போதவில்லை” என்பது இக்காலத்தில் யாவர் வாயிலும் பயிலும் சொல்லாயிற்று. ஆசிரியர் கூறுவர், அலுவலர் கூறுவர், அடுக்களை, வயல், பிள்ளைகளின் படிப்பு என மூன்றையும் ஒருங்கே சுமக்கும் தாய்மாரோ அதைக் கூறுதற்கும் நேரமின்றி உழல்வர். இதற்கு மருந்தாக, மணிக்கணக்கிட்டு வேலைப் பட்டியல் வகுக்குமாறு அறிவுரை பகர்வார் பலர். பட்டியல் நன்றே. ஆயினும் அது மூன்றாம் படி என்பதே எம் கருத்து.

திருக்குறளின் அதிகார வைப்பை நோக்குக. 47ஆவது தெரிந்துசெயல்வகை; 48ஆவது வலியறிதல்; அதன் பின்னரே 49ஆவதாகக் காலமறிதல் வருகின்றது. செய்யத்தக்கது எது என ஆராய்ந்து, அதனை முடிக்கும் வலிமை எத்துணை உண்டு என அளந்து, அதன்பின் காலத்தை வகுத்தல் வேண்டும் என்பது அவ்வைப்பினாற் பெறப்படும். அரசர்க்கு உரைத்த இம்முறை நமக்கும் பொருந்துவதே.

வன்னி உழவர் இதனைக் குளத்திடம் கற்றனர். எம் ஊர்ப் பெயரோடு இயைந்த கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி இரணைமடுக் குளத்தை நிறைக்கின்றது. அதன்கீழ் உழுவோர், மாரிமழையை நம்பிப் பெரும்போகத்தில் வயலெங்கும் விதைப்பர். சிறுபோகத்திலோ, விதைப்புக்கு முன்னரே கூட்டங்கூடி, குளத்து நீர்மட்டத்தைக் கண்டு, இத்துணை ஏக்கருக்கே நீர் என வரையறுப்பர். எஞ்சிய நிலம் தரிசாகக் கிடக்கும். அளவு மீறி விதைத்தாலும் நெல் முளைக்கத்தான் செய்யும், பசுமையாகவும் நிற்கும். குடலைப் பருவத்தில் நீர் வற்றும்போதே கேடு தெரியும். அப்போது மிகையாக விதைத்த வயலோடு ஏனைய வயல்களும் சேர்ந்து கருகும்.

நம் ஒரு நாளின் வலிமையும் குளத்து நீர் போன்றதே. விடியலில் பத்து வேலையைத் தொடங்கி, அந்தியில் ஒன்றையும் முடியாதவர் நெஞ்சு சோர்வது வியப்பன்று. பள்ளியால் வந்த பிள்ளையை இளைப்பாற விடாது அடுத்தடுத்த தனியார் வகுப்புகளுக்கு ஓட்டும் பெற்றோரும் நீரை அளவாது விதைப்பவரே.

“எல்லாம் இன்றியமையாதவை, எதனை விடுவது?” என வினவுவார் உளர். தகும் வினாவே. வீட்டுத் தலைவி சமையலைத் தரிசாக விடல் இயலாது. ஆதலின் அவளுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தல் உதவியாகாது. குளத்து நீரைக் கூடியிருந்து பங்கிடுதல் போல, வீட்டுச் சுமையையும் கணவனும் மக்களும் கூடியிருந்து பங்கிடல் வேண்டும்.

இன்று ஒரு வேலையை ஒத்திவைத்தவர் நாணத் தேவையில்லை. சிறுபோகத்தில் தரிசாய்க் கிடந்த வயலை எவரும் கைவிட்ட வயல் என்னார். மாரி வந்ததும் அதனையும் உழுது விதைப்பர்.