பன்னிரண்டு மூன்றுகளும் ஒரு யாழும்

மூன்றை மூன்றாற் பெருக்கினால் ஒன்பது. மீண்டும் மூன்றாற் பெருக்கினால் இருபத்தேழு. இவ்வாறு பன்னிரண்டு மூன்றுகளைப் பெருக்குவோமாயின் 531,441 என்னும் எண் கிடைக்கும். 729 இன் வர்க்கமும் இதுவே. 81 இன் கனமும் இதுவே. மூன்றையன்றி வேறெந்த முதன்மை எண்ணும் இதனை மிச்சமின்றி வகுக்காது.

இவ்வெண்ணுக்கும் மீன்பாடும் மட்டக்களப்பு வாவிக்கும் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். வாவிக்கரையிலுள்ள கல்லடி உப்போடையிலே துயில்கொள்ளும் விபுலாநந்த அடிகளாரே அத்தொடர்பு. 1892ஆம் ஆண்டு காரைதீவிலே தோன்றிய அடிகளார் விஞ்ஞானம் கற்பித்தவர். பின்னர்த் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர். 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே பழந்தமிழர் இசை நரம்புகளை எண்களின் துணைகொண்டு ஆராய்ந்தார்.

யாழின் நரம்பொன்றைச் சரிபாதியாக்கி மீட்டினால் அதே சுரம் மேல்தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரு பங்காக்கினால் இளி, அதாவது பஞ்சமம், பிறக்கும். அவ்விளியைக் குரலாகக் கொண்டு அதற்கோர் இளி காணலாம். இங்ஙனம் பன்னிரண்டு படி ஏறினால், ஏழு தானங்களுக்கு மேலே புறப்பட்ட சுரத்திற்கே மீளவேண்டும் என்று செவி எதிர்பார்க்கும்.

கணக்கோ அதற்கு இடங்கொடாது. பன்னிரண்டு மூன்றுகளின் பெருக்கம் 531,441. அதற்கு ஈடாக நிற்கவேண்டிய பத்தொன்பது இரண்டுகளின் பெருக்கம் 524,288. மிகுதி 7,153, ஏறத்தாழ எழுபத்துமூன்றில் ஒரு பங்கு. இம்மிகுதியை மேனாட்டார் பைதகரசின் பெயரால் அழைப்பர்.

இன்னும் பல படிகள் ஏறினால் இவ்வேறுபாடு அற்றுப்போகுமா? போகாது. மூன்றுகளை எத்தனை முறை பெருக்கினும் ஒற்றை எண்ணே வரும்; இரண்டுகளைப் பெருக்கினால் இரட்டை எண்ணே வரும். ஒற்றையும் இரட்டையும் ஒருநாளும் ஒன்றாகா. ஆயினும் நெருங்கி வரலாம். ஐந்தாம் படியில் 243க்கு எதிரே 256 நிற்கும். வேறுபாடு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. பன்னிரண்டாம் படியிலோ அது மிகச் சுருங்கிவிடுகிறது. ஒரு தானத்திலே பன்னிரண்டு சுரநிலைகள் அமைந்தமைக்கு இஃதொரு காரணமாம்.

எஞ்சிய மிகுதியை யாரேனும் சுமந்தே ஆகவேண்டும். பியானோவிலே அதனைப் பன்னிரண்டு இளிகளுக்கும் சமமாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் அணுவளவு தாழ்த்திவிடுவர். ஆதலின் அங்கே எவ்விளியும் முற்றிலுந் தூயதன்று. எதுவும் செவியை உறுத்துவதுமில்லை. பாடுவோரின் குரலுக்கோ இக்கட்டுப்பாடில்லை. வேண்டுமிடத்துத் தூய இளியையே தொடலாம்.

கணக்கிற் சிறந்த பிள்ளைக்குப் பாட்டு வீண் என்றும், பாடும் பிள்ளைக்குக் கணக்கு வராது என்றும் தீர்ப்பளிக்கும் பெற்றோர் நம்மிடையே உளர். வாவிக்கரை தந்த பேரறிஞர் அவ்விரண்டையும் ஒருங்கே கற்றமையினாலன்றோ யாழ்நூல் பிறந்தது! மாணவர்களே, இன்றிரவே ஒரு தாளெடுத்துப் பன்னிரண்டு மூன்றுகளைப் பெருக்கிப் பாருங்கள். விடை சரியாயின், பழந்தமிழ்ப் பாணர் செவியாற் கண்டதை நீங்கள் கையாற் கண்டவராவீர்கள்.