பெயர் மாறியது, அடுப்பு அணையவில்லை

ஒரு திட்டத்தை எந்தக் கட்சி கொண்டுவந்தது என்று கேட்பதற்கு முன், யாருக்குப் பயன் என்று கேட்கப் பழகினால் நம் அரசியலில் பாதிச் சண்டை குறையும். இதற்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் சமையற்கூடங்களே சாட்சி. மதிய உணவை 1956இல் காமராசர் மாநிலத் திட்டமாக்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோது, இவ்வளவு செலவை அரசு தாங்குமா என்ற கேள்வி எழுந்தது. கருணாநிதி 1989இல் முட்டை சேர்த்தார். ஜெயலலிதா கலவைச் சாத வகைகளைக் கொண்டுவந்தார். 2022இல் ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். மேடைகளில் ஒன்றையொன்று கடுமையாகச் சாடிய கட்சிகளின் தலைவர்கள்தாம் இவர்கள். ஆனாலும் முன்னவர் மூட்டிய அடுப்பைப் பின்னவர் அணைக்கவில்லை. காரணம் எளிது: அந்தப் பந்தியில் எல்லாக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அதில் கைவைத்தால் தன் வாக்காளரின் வயிற்றிலேயே அடிப்பதாகும் என்பது ஒவ்வொரு ஆட்சிக்கும் தெரிந்திருந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு தரச் சொன்னபோது, தமிழ்நாட்டின் அனுபவம் கண்முன் இருந்தது.

கொள்கை வேறுபாடுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாதமில்லாத மக்களாட்சி உயிரற்றது. ஆனால் ஏரியைத் தூர்வாருவதும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருப்பதும், குழாயில் நல்ல தண்ணீர் வருவதும் எந்தக் கொடிக்கும் தனிச்சொத்தல்ல. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் கரைவேட்டியின் நிறம் பார்க்காமல் இப்படி ஒரு கோரிக்கையையாவது ஊரே சேர்ந்து தீர்மானமாக்கட்டும். ஊர் ஒன்றுபட்டுக் கேட்பதை எந்தக் கட்சியும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.