தோட்ட வீடு யாருக்குச் சொந்தம்?

முப்பது, நாற்பது ஆண்டு பால்மரம் சீவிய தொழிலாளி ஓய்வுபெறும் நாளில் வேலையோடு கூரையையும் இழக்கிறான். வேலை உள்ளவரைதான் தோட்ட வீடு. தலைமுறை தலைமுறையாக நம்மை வாட்டிவரும் குறை இது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்க 1966-இல் ஒரு சட்டம் வந்தது. 1990-இல் அதனிடத்தில் 446-ஆம் சட்டம் வந்தது. வீடு, குடிநீர், சுகாதாரம், ஆயாக் கொட்டகை அனைத்தையும் அது பேசுகிறது. ஆனால், வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்குவது அதன் வேலையல்ல.

மலிவு வீட்டுத் திட்டமும் உண்டு. 1982-இல் 25,000 வெள்ளி என்று உச்சவிலை விதித்தார்கள். 1998-இல் இடத்திற்கேற்ப 42,000 வரை உயர்த்தினார்கள். விலை குறைந்தால் மட்டும் போதுமா? வங்கி வயதைக் கேட்கிறது. சம்பளச் சீட்டைக் கேட்கிறது. ஐம்பத்தைந்து வயதுத் தொழிலாளிக்கு நீண்ட காலக் கடன் எங்கே கிடைக்கும்?

அண்டை நாடான சிங்கப்பூரைப் பாருங்கள். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். 1964-இல் சொந்த வீட்டுத் திட்டம். 1966-இல் நிலம் எடுக்கும் சட்டம். 1968-இல் மத்திய சேமநிதியிலிருந்து தவணை கட்ட அனுமதி. நிலம், கட்டடம், கடன் மூன்றும் ஒரே அரசாங்கத்தின் கையில் இணைந்தன. 99 ஆண்டுக் குத்தகைதான் என்றாலும், மக்களில் பெரும்பாலோருக்கு அங்கே வீடு கிடைத்தது.

இங்கோ நிலம் மாநில அரசின் கையில். நிதி மத்திய அரசின் கையில். தோட்டம் முதலாளியின் கையில். மூவரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டிருக்கையில், தொழிலாளியின் மூட்டை முடிச்சு வீதிக்கு வருகிறது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. தோட்ட நிலத்தை வீட்டுமனையாக மாற்ற மாநில அரசு அனுமதிக்கும்போதே, அங்கு வாழ்வோருக்கு வீடு என்பதை நிபந்தனையாக்க வேண்டும். மாற்று வீட்டின் சாவி கைக்கு வரும்வரை பழைய வீட்டை இடிக்கக் கூடாது. வயது முதிர்ந்தோர் பிள்ளைகளோடு சேர்ந்து கடன் பெற அரசாங்கம் உத்தரவாதம் தர வேண்டும்; அதற்கும் வழியற்றோருக்கு, கட்டும் வாடகையே விலையாகக் கழியும் திட்டம் வேண்டும்.

1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் அழுதுகொண்டு நிற்கவில்லை. துன் சம்பந்தன் தலைமையில் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டு, சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினர்.

தோழர்களே! தோட்டம் விற்கப்படும் செய்தி வந்தபிறகு ஓடிவருவதில் பயனில்லை. இன்றே உங்கள் ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பாருங்கள். வீடு வாங்க அதிலிருந்து பணம் எடுக்க வழியுண்டு. வீடில்லாத குடும்பங்களின் பட்டியலைத் தோட்டந்தோறும் கிளைச் செயலாளர்கள் எடுக்கட்டும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் பேச்சுவார்த்தை மேசையில் நம் கோரிக்கைக்கு வலுவிருக்கும்.