கேமரா பெண்கள் கையில்

1984-இல் அகமதாபாத்தில், சுயதொழில் பெண்களின் சங்கமான ‘சேவா’வில் வீடியோ பயிற்சி தந்தார் நியூயார்க்கைச் சேர்ந்த மார்த்தா ஸ்டூவர்ட். பயின்றவர்களில் காய்கறி விற்ற பெண்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. அப்படிப் பிறந்ததுதான் ‘வீடியோ சேவா’.

பெண்கள் மீதான வன்முறையைப் பேசவும் இப்படி ஊர்ப் பெண்கள் கையில் கேமரா வேண்டும். அது குறித்து அரசு விளம்பரப் படங்கள் வராமலில்லை. அவற்றில் அடிவாங்குபவள் யாரோ ஒருத்தி. பார்க்கும் ஆண் எளிதாக நகர்ந்துவிடுகிறான். அடுத்த தெருப் பெண் எடுத்த படம் அப்படி விடாது. அதில் வருவது அவன் அறிந்த குழாயடி, அவன் உட்காரும் திண்ணை, ‘குடும்ப விஷயம்’ என்று ஊரே ஒதுங்கிப்போகும் வாசல். படம் முடிந்து, விளக்கைப் போட்டுவிட்டு ஊரார் பேசும் அரைமணி நேரம் படத்தைவிட முக்கியம்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கச் சொல்கிறது. அவர்களை எங்கே பார்ப்பது என்று அறியாத பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர்ப் பெண்களின் படக்குழுக்களுக்கு அரசு நிதி ஒதுக்கட்டும். திரையிடும் நாளில் அந்த அலுவலரும் அங்கே இருக்கட்டும். ஆனால், பாதிக்கப்பட்டவர் மனமுவந்து சம்மதிக்காமல் அவரது முகமோ பெயரோ திரைக்கு வரவே கூடாது. மறுநாளும் அவர் அதே தெருவில்தான் வாழ வேண்டும்.