பதவிக்கு முன்னும் பின்னும் எழுதிய கை

மணக்குள விநாயகரை மாலையில் தரிசித்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் சற்றே இளைப்பாறும் முதியோரிடையே அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. நேற்றுவரை உற்சாகமாக வேலைக்குச் சென்றுவந்த மகன், புதிய மேலாளர் பொறுப்பேற்ற சில மாதங்களில் அடியோடு மாறிப்போனான். காலையில் புறப்படும்போதே பெருமூச்சு. இரவில் திரும்பும்போது முகவாட்டம். 'எவ்வளவு செய்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இனி எதற்காகச் செய்ய வேண்டும்?' என்ற ஒரே கேள்வி. பெற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரிவதில்லை. 'பொறுத்துக்கொள்' என்றால் அவன் மனம் நோகிறது. 'விட்டுவிடு' என்றால் மாதத் தவணைகள் கண்முன் நிற்கின்றன.

இத்துன்பம் இக்காலத்துக்கே உரியதன்று. புதுச்சேரி பெரிய அங்காடியை ஒட்டிச் செல்லும் ரங்கபிள்ளை வீதியின் பெயருக்கு உரியவர், ஏறத்தாழ இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் இதே துன்பத்தை அனுபவித்தவர். அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் பிறந்து, தந்தை திருவேங்கடம் பிள்ளையுடன் புதுச்சேரிக்கு வந்து, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷாக உயர்ந்தவர். துபாஷ் என்றால் இரு மொழி அறிந்தவர் என்பது சொற்பொருள். கவர்னருக்கும் உள்ளூர் வணிகருக்கும், கம்பெனிக்கும் சுற்றியிருந்த நவாபுகளுக்கும் பாளையக்காரர்களுக்கும் இடையில் நின்று, பேச்சையும் வணிகத்தையும் நடத்தித் தந்த பதவி அது.

அப்பதவி எளிதில் வந்துவிடவில்லை. கனகராய முதலியார் தலைமைத் துபாஷாக இருந்த காலம் முழுவதும் பிள்ளை காத்திருந்தார். முதலியார் 1746-இல் காலமான பின்னரும் போட்டியும் தாமதமும் இருந்தன. ஆனால் 1742-இல் கவர்னராகப் பொறுப்பேற்ற டூப்ளே, பிள்ளையின் திறமையை அறிந்தவர். சென்னை நகரைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றிய 1746-ஆம் ஆண்டிலும், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய 1748-ஆம் ஆண்டிலும், கவர்னர் அருகில் இருந்து ஆலோசனை சொன்னவர் பிள்ளை. புலவர்கள் அவரைப் பாடினர். 1752-இல் சீனிவாச கவி அவரைத் தலைவராகக் கொண்டு 'ஆனந்தரங்க விஜய சம்பு' என்னும் வடமொழிக் காவியத்தை இயற்றினார். கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய உயர்வு அந்நாளில் இருந்திருக்க முடியாது.

பிறகு காற்று மாறிற்று. 1754 ஆகஸ்டில் பிரான்சிலிருந்து கொதே என்பவர் வந்திறங்கினார். டூப்ளேயின் போர்க் கொள்கையைக் கைவிட்டு ஆங்கிலேயருடன் சமாதானம் செய்யவேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. அக்டோபரில் டூப்ளே கப்பலேறினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கொதேயும் சென்றுவிட, லேரி கவர்னரானார். 1758-இல் படைத்தலைவராக லாலி வந்தார். நான்கே ஆண்டுகளில் தலைமை இத்தனை முறை மாறிற்று. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு போக்கு. ஒவ்வொருவருக்கும் வேண்டியவர் வேறு. பழைய கவர்னருக்கு நெருங்கியவர் என்ற பெயரே பிள்ளைக்குப் பாரமாயிற்று. உடல்நலமும் குன்றிற்று. 1756-இல் தலைமைத் துபாஷ் பதவி அவரை விட்டு நீங்கியது.

இன்றைய அலுவலகத்தில் நடப்பதும் இதன் சிறிய வடிவமே. புதிய மேலாளர் எல்லோரும் கொடியவரல்லர். பத்தாண்டுகளாக யார் என்ன செய்தார் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். மேலிடத்திலிருந்து வேறொரு கட்டளையோடு அவர் வந்திருக்கிறார். பழையவர் சேர்த்துவைத்த நன்மதிப்பு பேரேட்டில் எழுதப்படுவதில்லை. எனவே அது அடுத்தவர் கணக்குக்கு மாற்றப்படுவதும் இல்லை. வங்கிக் கிளைகளில் சில ஆண்டுகளுக்கொருமுறை மேலாளர் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். மூத்த ஊழியர் ஒருவர் திடீரெனப் புதியவர்போல் நடத்தப்படுவார். அவருக்கு நேர்வது பணநஷ்டமன்று. தம்மை அறிந்த ஒருவர் போய்விட்டார் என்ற துயரமே அவரை வாட்டுகிறது.

அத்துயரத்தில் மனம் ஒரு தந்திரம் செய்யும். போன மேலாளரைத் தெய்வமாக்கிவிடும். பிள்ளையின் வரலாறு இதற்கும் மருந்து தருகிறது. டூப்ளேயின் காலம் முழுவதும் அவருக்குப் பொற்காலமாக இருக்கவில்லை. 1748 செப்டம்பரில், முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, வேதபுரீசுவரர் திருக்கோயில் இடிக்கப்பட்டது. கவர்னரிடம் அத்தனை செல்வாக்குப் பெற்றிருந்த பிள்ளையால் அதைத் தடுக்க இயலவில்லை. ஆற்றாமையோடு அதை எழுதிவைக்க மட்டுமே அவரால் முடிந்தது. இன்று அடியார்கள் வழிபடும் வேதபுரீசுவரர் ஆலயம் பின்னாளில் வேறிடத்தில் எழுப்பப்பட்டதாகும். டூப்ளேயின் கடைசி ஆண்டுகளிலேயே பாப்பையப் பிள்ளை என்பவரின் கை ஓங்கி, ஆனந்தரங்கரின் செல்வாக்குக் குறைந்தது. ஆகவே, கொதே வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது என்று பிள்ளையே சொல்லியிருக்க மாட்டார். பழைய மேலாளரின் குறைகளையும் நேர்மையாக நினைவுகூர்பவனுக்குப் புதியவரின் குறைகள் பாதியாகச் சுருங்கிவிடும்.

இனி, இவ்வரலாற்றின் உயிர்நிலையான செய்தி. 1736 செப்டம்பர் 6-ஆம் நாள் பிள்ளை ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. தலைமைத் துபாஷ் அல்லர். எழுதச் சொன்னவர் எவருமில்லை. எழுதியதற்காக எவரும் ஒரு காசும் கொடுக்கவில்லை. தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை இட்டு, துறைக்கு வந்த கப்பல், கைமாறிய சரக்கு, கவர்னர் சொன்ன சொல், ஊரில் நடந்த வழக்கு, தம் மனக்கவலை என அனைத்தையும் பேச்சுத் தமிழில் எழுதினார். பதவி கைக்கு வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அவ்வெழுத்து தொடங்கியது. பதவி போன பிறகும் அது நின்றுவிடவில்லை. 1761 ஜனவரி 12-ஆம் நாள் அவர் கண்மூடினார். நான்கு நாட்கள் கழித்து, ஜனவரி 16-இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பதவி இழந்து, நோயுற்று, முற்றுகையில் ஊரே பசியால் வாடிய நாட்கள் வரை அவருடைய நாட்குறிப்பு சென்றது. சில பகுதிகள் இன்று கிடைக்கவில்லை. எனினும் கிடைத்தவை பெருஞ்செல்வம்.

அந்த ஏடுகள் நெடுங்காலம் வெளியுலகம் அறியாமல் கிடந்தன. 1846-இல் அவை கண்டறியப்பட்டன. 1904 தொடங்கி 1928 வரை சென்னை அரசாங்கம் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தென்னிந்தியாவின் அக்கால வரலாற்றை எழுதுவோர் எவரும் அவற்றைத் தொடாமல் செல்ல முடியாது. டூப்ளே பிரான்சுக்குத் திரும்பி, கம்பெனியிடம் தமக்குரிய பணத்தைக் கேட்டுப் போராடி, 1763-இல் கடனாளியாக மறைந்தார். அவர் கனவு கண்ட சாம்ராஜ்யம் இல்லை. பிள்ளை வகித்த துபாஷ் பதவியும் இன்று இல்லை. எவரும் கேட்காமல் அவர் செய்த வேலை மட்டும் நிலைத்துநிற்கிறது.

வாடிய முகத்தோடு வீடு திரும்பும் மகனுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. மேலாளரின் பாராட்டில் தொங்கவிட்ட உற்சாகம், மேலாளர் மாறும் நாளில் அறுந்து விழும். வேலையிலேயே வேரூன்றிய உற்சாகத்துக்கு அந்த அபாயம் இல்லை. ஒவ்வோர் உத்தியோகத்திலும் எவர் கண்ணுக்கும் படாத, ஆனால் யாரோ ஒருவருக்கு உதவுகின்ற பகுதி ஒன்று உண்டு. ஓய்வூதியம் வராமல் அலையும் மூதாட்டியின் தாளைச் சரிசெய்து தருவது, புதிதாகச் சேர்ந்த இளைஞனுக்குத் தொழில் கற்றுத் தருவது, கணக்கைச் சல்லிக்காசு பிசகாமல் முடிப்பது போன்றவை அவை. கிளை மேலாளர் யாராக இருந்தாலும், மாலையில் ரொக்கம் எண்ணிச் சரிபார்க்கப்பட்ட பின்னரே பெட்டகம் பூட்டப்படுகிறது. எண்ணுகிற கைக்கு, தான் சரியாக எண்ணினோம் என்பது தெரியும். அந்த நிறைவை நாள்தோறும் ஒரு முறையாவது பெறுகிறவன் முழுவதும் சோர்ந்துபோக மாட்டான். பலனைப் பற்றிக்கொள்ளாமல் செயலைச் செய் என்று பார்த்தனுக்குக் கண்ணன் உரைத்தது, போர்க்களத்துக்கு மட்டுமன்றி அலுவலக மேசைக்கும் பொருந்தும்.

அதற்காக மேலாளரைப் பொருட்படுத்தாமல் இருப்பதும் அறிவன்று. திருவள்ளுவர் இதற்கென்றே 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். குளிர்காய்பவர் நெருப்பை மிக நெருங்கினால் சுடும். மிக விலகினால் குளிர் தீராது. அளவான தூரத்தில் இருக்கவேண்டும் என்பது அதன் முதற்குறள் காட்டும் உவமை. மனம் கசந்தவர்கள் வழக்கமாக மிகவும் விலகிவிடுகிறார்கள். கேட்டால் மட்டும் பதில், மற்ற நேரத்தில் மௌனம் என்று இருந்துவிடுகிறார்கள். புதியவருக்கு அந்த மௌனம் அலட்சியமாகவே தெரியும். அதைவிட, தன் பொறுப்பில் உள்ளவை இன்னின்ன என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, 'தாங்கள் எதை முதன்மையாக எதிர்பார்க்கிறீர்கள்?' என்று நேரில் மரியாதையாகக் கேட்டுவிடுவது நலம். அதன் பிறகு அவருக்கும் சில மாத அவகாசம் தரவேண்டும். அவரும் புதிய ஊரில், அறியாத முகங்களுக்கு நடுவே, மேலிடத்துக்கு அஞ்சிக்கொண்டு அமர்ந்திருப்பவரே.

விலகிச் செல்லவேண்டிய வேளையும் உண்டு. பொய்க்கணக்கு எழுதச் சொன்னாலோ, ஏழையை ஏமாற்றச் சொன்னாலோ, அங்கே பொறுமை அறமாகாது. துரியோதனன் சபையில் இழிவுபடுத்தப்பட்ட விதுரர் தம் வில்லை முறித்தெறிந்தார். ஆயினும் அதற்கு முன் எத்தனை முறை நல்லது எடுத்துரைத்தார் என்பதையும் மறக்கலாகாது. மனத்தாங்கல் வேறு, அறத்தாங்கல் வேறு. முன்னதற்காக வேலையை உதறுபவன் அடுத்த இடத்திலும் ஒரு மேலாளரையே சந்திப்பான். வாட்டம் மாதக்கணக்கில் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டுவிட்டால், தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 'எங்கள் காலத்தில் இதைவிடக் கொடுமை. நாங்கள் வாய் திறந்தோமா?' என்ற சொல் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாடியவனுக்கு அது ஆறுதல் ஆகாது. இரவு உணவின்போது, 'இன்று யாருக்கு என்ன வேலை முடித்துக் கொடுத்தாய், அப்பா?' என்று கேட்பது வேறு விதமாக வேலை செய்யும். அவன் பதில் சொல்லத் தேடும்போதே, அன்றைய நாள் முழுவதும் மேலாளரைப் பற்றியதாக இருக்கவில்லை என்பதைத் தானே கண்டுகொள்வான்.

பெரியவர்களின் வாழ்விலும் மேலாளர் மாறத்தான் செய்கிறார். நாற்பதாண்டுகள் தன் கையில் இருந்த அடுக்களை மருமகளின் ஆட்சிக்குச் செல்கிறது. குடும்ப வரவுசெலவு மகனின் கைபேசிக்குள் போய்விடுகிறது. ஆண்டுதோறும் உற்சவத்தில் முன்நின்றவரைப் புதிய நிர்வாகத்தினர் பெயர் கேட்டு விசாரிக்கிறார்கள். அப்போது எழும் வெறுமை, மகன் அலுவலகத்தில் அனுபவிக்கும் அதே வெறுமையே. பூ கட்டத் தெரிந்த கைக்கு எந்த நிர்வாகத்திலும் பூ உண்டு. பேரக்குழந்தைக்குத் திருவாசகமோ திருப்பாவையோ சொல்லித்தருவதற்கு எவருடைய நியமன உத்தரவும் தேவையில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் எழுதுகோலைக் கொதேயும் கேட்கவில்லை, லேரியும் பறிக்கவில்லை. அவ்வாறு பறிக்க முடியாத பணி ஒன்றை ஒவ்வொருவரும் வைத்துக்கொள்ளவேண்டும். அதை இன்றே தொடங்கலாம்.